மீட்புக் கூலி: மெர்சிடஸ் என்ற பெயரும் ஐயம்பேட்டைப் பெண்களும்

விடிவதற்கு முன்பே ஐயம்பேட்டைச் சாலையில் கம்பெனி பஸ்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற இந்தச் சாலையோரம், கழுத்தில் அடையாள அட்டையோடு இளைஞர்களும் இளம்பெண்களும் முதல் ஷிப்டுக்குக் காத்து நிற்கிறார்கள். அவர்களில் பலர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அப்பாவும் தாத்தாவும் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தவர்கள். பிள்ளைகள் போகிற இடம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை.

ஒரகடம் சிப்காட்டில் 2012 ஏப்ரலில் டைம்லர் குழுமம் ஒரு லாரித் தொழிற்சாலையைத் தொடங்கியது. ‘பாரத்பென்ஸ்’ லாரிகள் வருவது அங்கிருந்துதான். மெர்சிடஸ்-பென்ஸ் கார்களும் அன்று இதே ஜெர்மன் குழுமத்தின் தயாரிப்புதான். 2021இல் லாரி நிறுவனம் தனியாகப் பிரிந்துகொண்டது. நம் ஊரில் ‘பென்ஸ் கார்’, ‘பென்ஸ் லாரி’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பென்ஸ் என்பது கார்ல் பென்ஸ் என்ற பொறியாளரின் குடும்பப் பெயர். நாம் சொல்லாமல் விட்டுவிடுகிற மெர்சிடஸ் என்ற முன்பாதி ஒரு சிறுமியின் பெயர். ஸ்பெயின் நாட்டுப் பெண்பெயர். அதற்கு எண்ணூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைக் கேட்கும்போது, பட்டுத்தறி ஊர்களில் பிறந்த பெண்பிள்ளைகளின் அன்றும் இன்றும் நம் கண்முன்னே வந்து நிற்கின்றன.

கூலியிலிருந்து கருணைக்கு

மெர்சிடஸின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. ‘மெர்சேஸ்’ என்றால் கூலி. செய்த வேலைக்குக் கொடுக்கும் ஊதியம், ஒன்றுக்கு ஈடாகக் கொடுக்கும் விலை. அந்தச் சொல் ஸ்பானிய மொழிக்கு வந்து ‘மெர்சத்’ ஆனபோது தயவு, கருணை என்ற பொருள் ஏறிக்கொண்டது. அதன் பன்மைதான் மெர்சிடஸ். அது பெண்பெயரான கதையைப் பார்சிலோனா நகரம் சொல்கிறது.

13ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலில் ஆள்பிடிப்பு பெரிய தொழில். கடற்கொள்ளையிலும் போரிலும் சிக்கியவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். உறவினர்கள் விலை கொடுத்தால் மட்டுமே அவர்கள் வீடு திரும்ப முடியும். ஏழைக் குடும்பங்களுக்கு அந்த விலை எட்டாது. பேத்ரோ நொலாஸ்கோ என்பவர் 1218இல் பார்சிலோனாவில் ஒரு துறவு சபையைத் தொடங்கினார். ஊர் ஊராகப் பணம் திரட்டி, அடிமைப்பட்டவர்களை விலை கொடுத்து மீட்பதே அந்தச் சபையின் வேலை. 1235இல் போப் ஒன்பதாம் கிரெகோரி அதற்கு ஒப்புதல் தந்தார். துறவிகள் வழக்கமாக எடுக்கும் மூன்று வாக்குறுதிகளோடு இவர்கள் நான்காவதாக ஒன்றும் எடுத்தார்கள்: மீட்கப் பணம் போதாவிட்டால், தேவைப்படும் இடத்தில் கைதிக்குப் பதிலாகத் தம்மையே பிணையாகக் கொடுப்பது.

இந்தச் சபை காவலாகக் கொண்டது மரியன்னையை. சிறைமீட்கும் அன்னை என்ற பொருளில் அவளுக்கு ‘லா மெர்சத்’ என்ற பெயர் அமைந்தது. ஆண்டுதோறும் செப்டம்பர் 24ஆம் தேதி பார்சிலோனா அவளுக்குத் திருவிழா எடுக்கிறது. பெண்பிள்ளை பிறந்தால் ‘மரியா தே லாஸ் மெர்சிடஸ்’ என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள்; வீட்டில் மெர்சிடஸ் என்று கூப்பிட்டார்கள். கொடுத்த விலை, அதனால் கிடைத்த விடுதலை, அதைச் செய்த மனசு ஆகிய மூன்றும் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன.

ஸ்பெயின் அரசன் பன்னிரண்டாம் அல்போன்சோவின் மனைவியும் ஒரு மெர்சிடஸ்தான். 1878 ஜனவரியில் திருமணமாகி, அதே ஆண்டு ஜூனில், பதினெட்டு வயது நிறைந்த இரண்டாம் நாள் இறந்துபோனாள். அவளை நினைத்து ஸ்பெயினில் நெடுங்காலம் பாட்டுக் கட்டிப் பாடினார்கள்.

கார் கதை அதற்குப் பிறகு வருகிறது. எமில் யெலினெக் என்ற ஆஸ்திரிய வணிகர் பிரான்சின் நீஸ் நகரில் வாழ்ந்துகொண்டு டைம்லர் கார்களை விற்றுவந்தார். 1889இல் வியன்னாவில் பிறந்த தன் மகள் மெர்சிடஸ் மேல் அவருக்கு அளவில்லாத பிரியம். 1899இல் அவள் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டு கார் பந்தயத்தில் இறங்கினார். அவர் கேட்டபடி டைம்லர் செய்துகொடுத்த புதுக் கார் 1901 மார்ச்சில் நீஸ் பந்தயங்களை வென்றது. பதினொரு வயதுச் சிறுமியின் பெயர் உலகமெங்கும் பரவியது. 1902இல் வணிகமுத்திரையாகப் பதிவானது. 1926இல் டைம்லரும் பென்ஸும் இணைந்தபோது மெர்சிடஸ்-பென்ஸ் ஆனது. பெயருக்குரியவள் 1929இல், நாற்பது வயதாகும் முன்பே வியன்னாவில் காலமானாள். விலை கொடுத்து அடிமையை மீட்ட பெயர், விலையுயர்ந்த காரின் பெயராக நிலைத்துவிட்டது.

நம் ஊர் மெர்சிடஸ்கள்

தாயை வேண்டி அவள் பட்டப்பெயரையே மகளுக்கு வைப்பது நமக்குப் புதிதல்ல. ஸ்பெயினில் டொலோரஸ் என்றால் துயரங்கள். வியாகுல அன்னையின் பெயர். நம் கத்தோலிக்க வீடுகளில் அவள் வியாகுலமேரி. வேளாங்கண்ணி அன்னையை நினைத்து ஆரோக்கியமேரி, சகாய அன்னையை நினைத்து சகாயமேரி, தூத்துக்குடிப் பனிமய மாதாவை நினைத்துப் பனிமயம். ஸ்பெயினில் ஒளியின் அன்னை பெயரால் பெண்களை ‘லஸ்’ என்று அழைக்கிறார்கள். அதே அன்னைக்கு மயிலாப்பூர்ப் பக்கம் போர்ச்சுக்கீசியர் கட்டிய கோயிலால்தான் சென்னையில் லஸ் என்ற இடத்துக்கே பெயர் வந்தது.

காஞ்சி வட்டாரத்தில் இந்த வழக்கம் இன்னும் ஆழமானது. காமாட்சி இருக்கும் ஊர் என்பதால் இங்குள்ள மற்றச் சிவன் கோயில்களில் அம்பாளுக்குத் தனிச் சந்நிதி வைப்பதில்லை என்பது மரபு. ஊருக்கெல்லாம் ஒரே தாய். அதனால் தெருவுக்குத் தெரு காமாட்சிகள் இருந்தார்கள். வரதர் கோயில் தாயாரின் பெயரில் பெருந்தேவி, தூப்புல் விளக்கொளிப் பெருமாள் கோயில் தாயாரின் பெயரில் மரகதவல்லி, யதோக்தகாரி கோயில் தாயாரின் பெயரில் கோமளவல்லி. பெயரைக் கேட்டாலே எந்தக் கோயில் வேண்டுதல் என்று தெரிந்துகொள்ளலாம்.

மெர்சிடஸுக்கு நேரான ஒரு பெண்ணும் தமிழில் உண்டு. அவள் மணிமேகலை. கோவலனின் முன்னோர் ஒருவர் கடலில் கலம் உடைந்து தத்தளித்தபோது, மணிமேகலா தெய்வம் அவரைக் காப்பாற்றியது. அந்த நன்றியில் கோவலன் தன் மகளுக்கு அந்தத் தெய்வத்தின் பெயரை வைத்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. பெயருக்கேற்பவே அவள் வாழ்ந்தாள். சீத்தலைச் சாத்தனாரின் காப்பியத்தில், சோழ மன்னனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுகிறாள். பிறகு பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு வந்து அமுதசுரபியால் பசி தீர்க்கிறாள். காப்பாற்றிய தெய்வத்தின் பெயரைச் சுமந்த பெண், சிறைப்பட்டவரைக் காப்பாற்றுகிறாள். அந்தக் காஞ்சி, ஐயம்பேட்டைக்குப் பக்கத்து ஊர்.

ஆனால் எல்லாப் பெண்ணுக்கும் வேண்டுதல் பெயர் கிடைத்துவிடவில்லை. வடதமிழக மாவட்டங்களில் அடுத்தடுத்துப் பெண் பிறந்த வீடுகளில் ‘வேண்டாம்’, ‘போதும்பொண்ணு’ என்று பெயர் வைத்தார்கள். அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்ற ஆசையில் வைத்த பெயர்கள். அவற்றைப் பள்ளி வருகைப்பதிவேட்டில் தினமும் கேட்டு வளர்ந்த பெண்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அன்று: தறியின் பக்கவாட்டில் ஒரு சிறுமி

காஞ்சிப் பட்டின் பெருமை அதன் கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேருமிடம் அறுந்துவிடாதபடி இழையோடு இழை கோத்து நெய்வது. அதற்கு மூன்று நாடா வேண்டும். நெசவாளி உடல் நாடாவை ஓட்டும்போது, ஒரு பக்கக் கரையின் நாடாவை வாங்கி எறிய இன்னொரு ஆள் வேண்டும். பெரியவரைத் துணைக்கு வைத்தால் கூலி கட்டுப்படியாகாது. அந்த இடத்தில் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். தார் சுற்றவும், அறுந்த இழையை முடியவும், பாவு பிணைக்கும்போது கைகொடுக்கவும் அதே சின்ன விரல்கள்தான்.

சொந்த வீட்டுத் தறியில் என்றால் அம்மா அப்பாவோடு இருந்தார்கள் என்றாவது சொல்லலாம். பல பிள்ளைகள் அடுத்தவர் வீட்டுத் தறிக்குப் போனார்கள். கல்யாணம், பிரசவம், மருத்துவச் செலவு, பழைய கடன் என்று ஏதோ ஒன்றுக்காகத் தறி உரிமையாளரிடம் பெற்றோர் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அந்தப் பணம் அடையும் வரை பிள்ளை அங்கே வேலை செய்ய வேண்டும். கிடைக்கிற சொற்பக் கூலி வீட்டுச் செலவுக்கே போய்விடுவதால் முன்பணம் குறையாது. வேறு தறிக்கு மாறினால் புது முதலாளி பழைய முதலாளிக்குப் பணத்தைக் கொடுப்பார். கடன் கைமாறும், பிள்ளை அப்படியே இருக்கும். பையன்களும் இருந்தார்கள், பெண்களும் இருந்தார்கள். அண்ணனோ தம்பியோ பள்ளிக்குப் போக வேண்டும் என்று வந்தபோது முதலில் நிறுத்தப்பட்டவள் பெண்.

மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003 ஜனவரியில் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. கர்நாடகம், உத்தரப்பிரதேசத்தோடு காஞ்சிபுரமும் அதில் இருந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. அதற்குப் பிறகும் தறிக்கு அருகே பிள்ளைகள் இருந்தார்கள். திருமண மேடையில் மின்னுகிற சேலைக்குள் அவர்களுடைய நாட்களும் சேர்ந்து நெய்யப்பட்டிருந்தன என்பதை நாம் மறைக்கக் கூடாது.

13ஆம் நூற்றாண்டுக் கடற்கரை அடிமைக்கும் இந்தச் சிறுமிக்கும் நிலைமை பல வகையில் வேறு. இவளை யாரும் சங்கிலியால் கட்டவில்லை. மாலையில் வீடு திரும்பினாள். ஆனாலும் அவளை நிறுத்திவைத்தது ஒரு தொகை. அந்தத் தொகையை யாராவது கொடுத்தால் அவள் போகலாம், இல்லாவிட்டால் முடியாது. மெர்சத் அன்னையின் சபை பிறந்தது இப்படிப்பட்ட நிலைமைக்காகத்தான்.

விலையைக் கொடுத்தது யார்?

ஐயம்பேட்டையையும் சுற்றியுள்ள தறி ஊர்களையும் மாற்றியது ஒரே ஆள், ஒரே சட்டம் என்று சொல்லிவிட முடியாது. பலர் பல காலத்தில் கொடுத்த விலைகள் சேர்ந்துதான் கதவு திறந்தது.

1996 டிசம்பர் 10ஆம் தேதி, வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான தொழிலில் குழந்தையை அமர்த்திய முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை ஏற்பாடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. குழந்தையை விடுவிக்க ஒரு விலை உண்டு, அதை அமர்த்தியவரும் அரசும் கொடுக்க வேண்டும் என்று இந்நாட்டு நீதிமன்றம் எழுதிவைத்த இடம் இது.

தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் கீழ்க் காஞ்சிபுரத்தில் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. தறியிலிருந்து வந்த பிள்ளைகள் அங்கே எழுத்துப் படித்து, பிறகு வழக்கமான பள்ளிக்குப் போனார்கள். தொண்டு அமைப்புகளின் ஊழியர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். வாசலில் நின்று அவர்கள் கேட்ட வசவுகளுக்கு எந்தப் பதிவேட்டிலும் கணக்கில்லை.

அதற்கு முன்பே தமிழ்நாடு ஒரு பெரிய விலையைக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. காமராஜர் 1956இல் மதிய உணவைப் பரவலாக்கினார், எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022இல் காலை உணவும் வந்தது. பள்ளியில் ஒருவேளைச் சோறு என்பது தறிக்காரர் வீட்டில் ஒரு பிள்ளையின் கூலிக்கு ஈடு. பாடநூல், சைக்கிள், பஸ் பாஸ் என்று ஒவ்வொன்றும் அந்த முன்பணக் கணக்கில் ஒரு வரியை அடித்தன. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2021இல் பெண்களுக்கு நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் போடுகிறது. அந்தத் திட்டம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருப்பது மிகப் பொருத்தம். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் தேவதாசி முறைக்கு எதிராக வாழ்நாள் முழுவதும் போராடியவர் அவர்.

இவர்கள் எல்லோருக்கும் முன்னால் விலை கொடுத்தவள் அம்மா. தன் காதுத் தோட்டை அடகு வைத்து முன்பணத்தை அடைத்து, மகளைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மார்கள் நெசவு ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்கும் மெர்சிடஸ் என்று பெயரில்லை. அந்தப் பெயரின் முழுப் பொருளையும் வாழ்ந்து காட்டியவர்கள் அவர்கள்.

இன்று: வாசல் திறந்திருக்கிறது, தறி காலியாகிறது

இன்று ஐயம்பேட்டையிலிருந்து பெண்கள் கல்லூரிக்குப் போகிறார்கள், நர்சிங் படிக்கிறார்கள், மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். பள்ளிப் பதிவேட்டில் யாழினி, ஆதிரா, ரித்திகா, மித்ரா என்று பெயர்கள் மாறிவிட்டன. சிலர் எண்கணிதம் பார்க்கிறார்கள், சிலர் கைபேசியில் தேடுகிறார்கள், சிலர் தூய தமிழ்ப் பெயர் வேண்டும் என்கிறார்கள். காமாட்சியும் பெருந்தேவியும் பாட்டிகளின் பெயராகிவிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் பிடிக்காத பெண் அரசிதழில் அறிவித்து மாற்றிக்கொள்கிறாள். மகளின் பெயரைத் தேர்ந்தெடுக்க இவ்வளவு நேரம் செலவிடும் தலைமுறை இதற்கு முன் இருந்ததில்லை. அது நல்ல மாற்றம். வேண்டாம் என்று பெயர் வைத்த மண்ணில், மகளுக்கு எது பொருத்தம் என்று தாயும் தந்தையும் சேர்ந்து யோசிக்கிறார்கள்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தொழிற்சாலை வேலை எல்லாமே விடுதலை என்று சொல்ல முடியாது. ஒப்பந்த வேலை, நீண்ட ஷிப்டு, நெருக்கடியான விடுதி என்று அங்கும் சிக்கல்கள் உண்டு. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே, விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் நோய்ப்பட்டதைக் கண்டித்துப் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. தறியோரம் பேசாமல் உட்கார்ந்திருந்த தலைமுறைக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அந்த நெடுஞ்சாலையில் தெரிந்தது.

தறியின் நிலைமையோ வேறு. நாட்டில் 2009–10இல் 43.31 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர் எண்ணிக்கை, 2019–20 கணக்கெடுப்பில் 35.22 லட்சமாகக் குறைந்தது. அவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கடைகளில் சேலை விலை ஏறியிருக்கிறது. பட்டு நூல் விலையும் ஜரிகை விலையும் ஏறியிருக்கின்றன. நெய்கிறவர் கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. கோர்வைக்குத் துணையாள் கிடைக்காததால், பல இடங்களில் மனைவியே அந்தப் பக்கம் உட்காருகிறாள். அல்லது கோர்வையே இல்லாத சேலையாக நெய்கிறார்கள். விசைத்தறிச் சேலை காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விற்பனைக்கு வருகிறது.

பிள்ளைகள் தறிக்கு வராததால் தொழில் அழிகிறது என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். அந்த வருத்தம் தவறான இடத்தில் நிற்கிறது. பிள்ளைகளின் நாட்களை எடுத்துக்கொண்டுதான் ஒரு கலை வாழ முடியும் என்றால், அதற்குப் பெரியவர்களின் கூலி போதவில்லை என்றே பொருள். கோர்வைக்கு உட்காரும் துணையாளுக்கும் முழுக் கூலி கிடைக்கும்படி சேலையின் கணக்கு மாறினால், படித்த பெண்ணும் விருப்பப்பட்டு அந்த நாடாவைக் கையில் எடுப்பாள். 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்கிறது. ஆனால் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று ஒரு விலக்கு வைத்திருக்கிறது. வீட்டுத் தறி நிறைந்த ஊர்களில் அந்த விலக்கின் மேல் எப்போதும் ஒரு கண் இருக்க வேண்டும்.

பெயரின் பொருளைத் தேடிக் கிளம்பினால் கூலியில் வந்து நிற்கிறோம். மெர்சிடஸ் முதலில் கூலி, பிறகுதான் கருணையும் மீட்பும். வரிசையை மாற்ற முடியாது. உழைப்புக்கு நியாயமான விலை கொடுக்காத இடத்தில் கருணை பேசிப் பயனில்லை. பட்டு நெசவு ஊர்களில் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையும், அவளுக்குக் கிடைத்த விடுதலையும் இந்த ஒரு கணக்கிலிருந்தே வந்தன.

கல்யாணத்துக்குப் பட்டெடுக்கக் காஞ்சிக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கூட்டுறவுச் சங்கங்களின் கடைகளுக்கும் ஒரு நடை போய்ப் பாருங்கள். அறிஞர் அண்ணா சங்கமும் காமாட்சியம்மன் சங்கமும் அங்கேதான் இருக்கின்றன. பட்டு முத்திரையும் கைத்தறி முத்திரையும் சேலையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இது கோர்வையா, யார் நெய்தது, நெய்தவருக்கும் துணையாளுக்கும் என்ன கூலி என்றும் கேளுங்கள். கேட்கிறவர்கள் கூடினால் பதில் சொல்லும் பழக்கம் கடைகளுக்கு வரும். நெய்தவரிடமே நேராக வாங்கினால் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். நீங்கள் குறைக்கும் ஒவ்வொரு நூறும் அவர் கூலியிலிருந்துதான் போகிறது.